விற்ற வீட்டுச் செடி

நேரில் அவளை எல்லாரும் ‘மேடம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பக்கம் திரும்பினால் ‘டபுள் பிரேக்’. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற வண்டியில் சொல்லிக்கொடுப்பவரின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். அதை அவள் மிதிக்கிற மிதியில், கற்றுக்கொள்ள வந்தவரின் கழுத்து ஒருமுறை முன்னால் போய்விட்டுத் திரும்பி வரும். மிதித்ததும் திட்ட மாட்டாள். கொஞ்ச நேரம் சாலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். பிறகு அமைதியாக, “உனக்கு வீட்ல யார் மேலயாவது கோபமா?” என்று கேட்பாள். பெரிய உத்தியோகத்தில் இருப்பவர்கள்கூட இதற்குப் பதில் தெரியாமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முழித்திருக்கிறார்கள். ஒரு பல் டாக்டர், “ஆமா மேடம், மாமியார் மேல” என்று சொல்லி அழுதேவிட்டார்.

அவள் இந்தத் தொழிலுக்கு வந்ததே தற்செயல்தான். ஒரு டிரைவிங் ஸ்கூலில் போன் எடுக்கிற வேலைக்குச் சேர்ந்தவள். அங்கே சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர், மதியம் சாப்பிட்டுவிட்டு வந்தால் வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே தூங்கிவிடுவார். பெண்கள் யாரும் அவரோடு போக மாட்டோம் என்று மறுத்துவிட்டார்கள். முதலாளி யோசித்து, வேறு ஆளைப் போடுவதற்குப் பதிலாக, பின்சீட்டில் உட்கார்ந்து அவரை எழுப்பிவிடுகிற வேலையை இவளுக்குக் கொடுத்தார். எழுப்பி எழுப்பியே மொத்தப் பாடமும் இவளுக்கு மனப்பாடம் ஆனது. ஒரு நாள் எழுப்பியும் மனிதர் எழுந்திருக்கவில்லை. செத்தெல்லாம் போகவில்லை, நல்ல தூக்கம். அவரை இழுத்துப் பின்சீட்டில் போட்டுவிட்டு முன்சீட்டில் இவள் உட்கார்ந்தாள். அன்றைக்கு உட்கார்ந்தவள்தான். லைசன்ஸ், அனுமதி எல்லாம் பின்னாலேயே மூச்சு வாங்க ஓடிவந்து சேர்ந்துகொண்டன.

புருஷன் என்று ஒருவர் இருந்தார். அவரைப் பற்றிக் கேட்டால், “அது நியூட்ரல்ல நின்ன வண்டி. சரிவு கிடைச்சுது, உருண்டு போயிடுச்சு” என்பாள். அந்தச் சரிவின் பெயரும் விலாசமும் அவளுக்குத் தெரியும். அதற்குமேல் பேச மாட்டாள். மிச்சமிருந்தது ஒரு மகள். கண்ணாடிக் கடையில் வருகிறவர்களின் கண்ணைச் சோதித்துப் பவர் சொல்கிற வேலை. அம்மாவின் நாக்கு அப்படியே இறங்கியிருந்தது. கூடவே கொஞ்சம் படிப்பும் சேர்ந்துகொண்டதால், மகள் ஒரு வார்த்தை பேசினால் கேட்டவர் ரத்தம் வருகிறதா என்று தடவிப் பார்ப்பார்.

வாடகை வீடுகளில் ஆயுளைக் கழித்துவிட்டு, ஐம்பது வயதுக்கு மேல் அவள் சொந்தமாக ஒரு பழைய வீட்டை வாங்கினாள். எல்லாரும் சமையலறையையும் தண்ணீர்க் குழாயையும் பார்த்து வீடு வாங்குவார்கள். இவள் வீட்டுக்குள்ளேயே போகவில்லை. முன்வாசலைக் காலால் அளந்து, ரெண்டு கார் நிற்கும், ஒரு கார் ரிவர்ஸ் எடுக்கும் என்று கணக்குப் போட்டுவிட்டு, “சரி, வாங்கிக்கிறேன்” என்றாள். கூரை ஒழுகுமா என்று மகள் கேட்டதற்கு, “ஒழுகினா நாம நனைவோம், வண்டி நனையாது” என்றாள்.

குடிவந்ததும் முதல் வேலையாக ஒரு கொத்தனாரைப் பிடித்து வாசல் முழுவதும் சிமெண்ட் தளம் போட்டாள். அங்கே இருந்த செடிகொடிகளெல்லாம் ஒரே நாளில் வேரோடு போய்ச் சேர்ந்தன. ஒன்று மட்டும் தப்பியது. கேட்டை ஒட்டின மூலையில் இடுப்பளவுக்கு மேல் அடர்ந்து நின்ற ஒரு வெட்சிச் செடி. கொத்துக் கொத்தாகச் சிவப்புப் பூ பூக்கும். சின்ன வயதில் எல்லாரும் அந்தப் பூவின் காம்பை உருவித் தேன் உறிஞ்சியிருப்பார்கள். அவள் அதை விட்டுவைத்தது அழகுக்காக இல்லை. அந்த மூலையில் வண்டி போகாது. பிறகுதான் அதனால் ஒரு பிரயோஜனமும் இருக்கிறது என்று தெரிந்தது. ரிவர்ஸ் பழகுகிறவர்களிடம், “இடது கண்ணாடியில சிவப்புப் பூ தெரிஞ்சதும் ஸ்டியரிங்க முழுசா ஒடி” என்று சொல்லிவிட்டால் வண்டி அச்சாகப் போய் நிற்கும். சம்பளமில்லாமல் அந்தச் செடி ஒரு உத்தியோகம் பார்த்துவந்தது.

சில மாதங்களில் அது வேலைக்கு மட்டம் போட ஆரம்பித்தது. முதலில் புது இலைகள் வெளுத்தன. இலை முழுதும் மஞ்சள், நடுவில் நரம்புகள் மட்டும் பச்சை, யாரோ பேனாவால் கோடு இழுத்த மாதிரி. அடுத்து பூ நின்றது. அவள் கவனிக்கவேயில்லை. கவனிக்க வைத்தவள் ஒரு புதுப் பெண். ரிவர்ஸில் வந்தவள் வந்துகொண்டே இருந்தாள். டபுள் பிரேக் தன் பிரேக்கை மிதிப்பதற்குள் பின்பக்கம் கேட்டில் போய் முட்டிவிட்டது. அந்தப் பெண் ஸ்டியரிங்கை விடாமல், “பூ தெரிஞ்சா ஒடிக்கச் சொன்னீங்க மேடம். பூவே தெரியல” என்றாள். அவள் மேல் தப்பு சொல்ல முடியாது. டபுள் பிரேக் இறங்கிப் போய், பின்பக்க விளக்குச் சில்லுகளைப் பொறுக்கிவிட்டு நிமிர்ந்தபோதுதான் செடியைப் பார்த்தாள். மஞ்சள்காமாலை வந்த ஆள் மாதிரி நின்றிருந்தது.

அந்த வாரத்திலேயே பழைய வீட்டுக்காரர் வந்து சேர்ந்தார். வீட்டை விற்றவர். இன்சூரன்ஸ் ஏஜெண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். விற்ற கையோடு மனைவியும் அவரும் மகன் வாங்கியிருந்த அடுக்குமாடி வீட்டின் ஐந்தாவது மாடிக்குப் போய்விட்டார்கள். காலை நடைக்குக் கிளம்புகிறவர் பழைய பழக்கத்தில் இந்தத் தெருவுக்கு வந்து, கேட்டுக்கு வெளியே நின்று, ஆஸ்பத்திரியில் நோயாளியைப் பார்க்க வந்தவர் போலக் கம்பி வழியாகச் செடியைப் பார்த்தார்.

“என்னம்மா ஆச்சு எங்க வீட்டுச் செடிக்கு?” என்றார்.

உங்கள் வீடு எது என்று கேட்க அவளுக்கு நாக்குத் துறுதுறுத்தது. ஆனால் மனிதர் முகம் உண்மையாகவே வாடியிருந்தது. அதற்குப் பதிலாக, தெரியவில்லை சார், தண்ணீரெல்லாம் ஊற்றத்தான் செய்கிறோம் என்று சமாளித்தாள். தண்ணீர் ஊற்றியதே இல்லை. அவர் விடவில்லை. இது வெறும் செடி இல்லை, இருபது வருஷமாகத் தன் கையால் ஊட்டி வளர்த்த பிள்ளை என்றார். தினமும் விடிந்ததும் முதல் செம்பு தண்ணீர் இதற்குத்தானாம், இரண்டாவதுதான் தன் முகத்துக்காம். பேசிவிட்டுப் போகும்போது, அவள் ஏதோ ஒரு குழந்தையைப் பட்டினி போட்டுக் கொன்றுகொண்டிருக்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்தார். ஆயிரம் பேரை முழிக்க வைத்தவள் அன்றைக்கு முழித்தாள்.

அதிலிருந்து தினமும் வந்தார். வெறுங்கையோடு வருவதில்லை. ஒரு நாள் முட்டை ஓட்டுத் தூள். இன்னொரு நாள் காய்ச்சி எடுத்த தேயிலைச் சக்கை. அப்புறம் ஏதோ வெள்ளை உப்பு, அப்புறம் யூரியா. அவருக்கு எதிர்ப்பாட்டு மாதிரி மகள் போனில் தேடிப் பார்த்து, வாழைப்பழத் தோல் ஊறிய தண்ணீர் என்று ஒரு பக்கெட்டை நாற வைத்தாள். பாடம் படிக்க வந்தவர்களும் சும்மா இருப்பார்களா. தங்கள் முறைக்குக் காத்திருக்கிற நேரத்தில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். பல் டாக்டர்கூட வேரில் ஏதோ தொற்று இருக்கலாம், பிடுங்கிவிடுவதுதான் நல்லது என்று தொழில் புத்தியோடு யோசனை சொன்னார். டபுள் பிரேக் எதையும் தடுக்கவில்லை. யாராவது ஒருவர் சொன்னது பலித்தால் சரி என்று எல்லாவற்றையும் கொட்ட விட்டாள். இலைகள் மஞ்சளிலிருந்து வெள்ளைக்குப் போய், ஓரத்தில் கருக ஆரம்பித்தன. ஒருவேளை அது நோயால் சாகவில்லை, உபசரணையால்தான் சாகிறது என்று மகள் சொன்னாள். ஊறவைத்த பக்கெட்டைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டே சொன்னாள்.

ஒரு நாள் காலையில் பால் பாக்கெட் எடுக்கக் கதவைத் திறந்த டபுள் பிரேக், பூட்டியிருந்த கேட்டுக்கு உள்ளே அவர் நிற்பதைப் பார்த்தாள். வீட்டை விற்கும்போது கொடுக்காமல் வைத்திருந்த ஒரு சாவி அவரிடம் இருந்திருக்கிறது. பூட்டை மாற்ற வேண்டும் என்று அவளும் நினைத்து நினைத்தே நாளைக் கடத்தியிருந்தாள். அவர் செடியின் அருகில் குனிந்து, ஒரு பிளாஸ்டிக் பாட்டிலைப் பக்குவமாகச் சாய்த்துக்கொண்டிருந்தார்.

“பாட்டில்ல என்ன சார்?” என்றாள் பின்னாலிருந்து.

அவர் தூக்கிவாரிப்போட்டு நிமிர்ந்தார். “சத்துத் தண்ணிம்மா. தழைச்சத்து நிறைய இருக்கு இதுல. அப்படியே ஊத்தக்கூடாது, நிறையத் தண்ணி கலந்துதான் ஊத்தணும்.”

“எந்தக் கடையில வாங்கினீங்க?”

மூடியைத் தேடுகிற மாதிரி சட்டைப் பையைத் துழாவினார். மூடி அவர் இடது கையிலேயே இருந்தது.

“சார்?”

“கடையில வாங்கினது இல்ல,” என்றார் கடைசியில், செடியைப் பார்த்துக்கொண்டே. “வீட்லயே தயாரிச்சது.”

ஒரு நிமிடம் அவளுக்குப் புரியவில்லை. புரிந்ததும், காற்று வேறு இவள் பக்கம் வீசியது. வாழ்க்கையில் எத்தனையோ விதமான ஆண்களோடு ஒரே காரில் உட்கார்ந்து மல்லுக்கட்டியவள், அப்போது மட்டும் பேச்சு வராமல் நின்றாள். வந்தபோது கட்டுக்கடங்காமல் வந்தது. வீட்டை விற்றுவிட்டு வாசலை மட்டும் வைத்துக்கொண்டீர்களா என்று கேட்டாள். பத்திரத்தில் கையெழுத்துப் போட்டது யார், பேயா என்று கேட்டாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தத் தெரிந்தவள்தான்; ஆனால் அன்றைக்கு பிரேக் மிதிக்கிற அந்தக் கால் அவளுக்கு வேலை செய்யவில்லை.

“காலங்காத்தால அடுத்தவங்க வாசல்ல வந்து நிக்கிறீங்களே,” என்றாள். “உங்க வீட்ல உங்களைத் தேடவே மாட்டாங்களா சார்?”

சாவியை எடுத்துக் கார் முன்பக்கத்தின் மேல் வைத்தார். பாட்டிலை இறுக்கி மூடினார். கேட்டைச் சத்தம் வராமல் சாத்திவிட்டுப் போனார். அவள் பால் பாக்கெட்டைக் கீழே வைத்தாள். பிறகு ஒரு பக்கெட் தண்ணீரை அந்த இடத்தில் வீசி ஊற்றினாள்.

மறுநாள் அவர் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. நிம்மதி என்று மகளிடம் சொன்னாள். சொல்லிவிட்டு, காலையில் டீயைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டுப் பக்கமாகவே உட்கார்ந்தாள். அன்றைக்குப் பாடத்துக்கு வந்தவர்கள் பிழைத்தார்கள். யாரிடமும் அவள் வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை. அது அவர்களுக்கு இன்னும் பயமாக இருந்தது.

சில நாள் கழித்து அவருடைய மனைவி வந்தாள். கையில் நீளமான குடை, காலில் புதுச் செருப்பு, நடக்கிற நடையில் ஒரு மிதப்பு. உள்ளே வரச் சொல்லும் முன்பே வந்துவிட்டாள். “ஏம்மா, எங்க வீட்டுக்காரர் இங்கதானே வந்துட்டிருந்தாரு? இப்ப நடக்கவே போறதில்ல. சோபாவில உட்கார்ந்து சுவரப் பார்த்துட்டிருக்காரு. ஏதாவது பேச்சுவார்த்தை ஆயிடுச்சா?” என்றாள்.

டபுள் பிரேக் மழுப்பப் பார்த்தாள், முடியவில்லை. சாவியிலிருந்து பாட்டில் வரை சொன்னாள். தான் கடைசியாகக் கேட்ட கேள்வியை மட்டும் சொல்லவில்லை. அந்த அம்மாள் முதலில் வாயைப் பொத்தினாள். அப்புறம் குலுங்கினாள். அப்புறம் நிற்க முடியாமல் காரில் சாய்ந்துகொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

“அதான் பாத்ரூம்ல ஒரு புனல் கிடந்துச்சு,” என்றாள்.

சிரித்து முடித்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு செடியைப் பார்த்தாள். அதன் நிலைமை அவளை உலுக்கினதாகத் தெரியவில்லை. இருபது வருஷத்தில் அவர் இதற்கு ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றியது கிடையாது என்றாள். பக்கத்து வீட்டில் வெட்டிப்போட்ட ஒரு கிளையை வேலிக்கு முட்டுக் கொடுக்கக் குத்தி வைத்தவளே அவள்தானாம். அது பாட்டுக்கு வளர்ந்துவிட்டது. எறும்புப் புற்று மாதிரி எப்போதும் எறும்பு மொய்க்கிற இந்தச் செடியை அவளுக்குப் பிடித்ததே இல்லை. பெருக்கி மாளாத இந்த வாசலையும் பிடித்ததில்லை. லிப்ட் இருக்கிற வீட்டுக்குப் போன நாளிலிருந்துதான் தன் முட்டி தன்னோடு பேசுவதை நிறுத்தியிருக்கிறது என்றாள்.

“அப்புறம் ஏன் இவரு தினமும் இங்க வர்றாரு?” என்றாள் டபுள் பிரேக்.

அந்த அம்மாள் குடையை ஊன்றிக்கொண்டு யோசித்தாள். “வாய்தாம்மா. ஆயுசு முழுக்கப் பேசியே சம்பாதிச்ச மனுஷன். அங்க மருமக வீட்டுல இருந்தே ஆபீஸ் வேலை பார்க்கிறா. காதுல மாட்டிட்டு உட்கார்ந்தா சாயங்காலம் வரைக்கும் ஹால்ல யாரும் மூச்சு விடக்கூடாது. அவளைக் குத்தம் சொல்ல முடியாது, அவ பொழப்பு அது. இவரு ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசினா அதிகம். இங்க வந்தா உன்கிட்ட ஒரு பிராது சொல்லலாம்ல.”

சொல்லிக்கொண்டே குடையின் நுனியால் செடியின் அடிமண்ணைக் குத்தினாள். மண்ணில் இறங்க வேண்டிய நுனி ‘டக்’ என்றது. இன்னொரு இடத்தில் குத்தினாள். அங்கேயும் ‘டக்’. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். டபுள் பிரேக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மேலே கிடந்த தேயிலைச் சக்கையையும் முட்டை ஓட்டையும் கையால் விலக்கினாள். ஒரு விரற்கடை மண்ணுக்குக் கீழே சாம்பல் நிறத்தில், தோசைக்கல் அகலத்துக்கும் மேலே, செடியின் கழுத்தைச் சுற்றி இறுகிக் கிடந்தது சிமெண்ட்.

தளம் போட்ட கொத்தனாரை அன்றைக்கே வரவழைத்தாள். என்ன திட்டலாம் என்று அவர் வரும்வரை ஒத்திகை பார்த்து வைத்திருந்தாள். அவர் வந்து பார்த்துவிட்டு, கொஞ்சமும் கூச்சமில்லாமல், ஆமாம், சட்டியும் கரண்டியும் தினமும் சாயங்காலம் இங்கேதான் கழுவிக் கொட்டினோம் என்றார். செடி இருக்கிற இடத்தில் ஏன் கொட்டினீர்கள் என்று இவள் எகிறினாள்.

“வேற எங்க கொட்டுறது மேடம்?” என்றார் அவர் நிதானமாக. “மண்ணே தெரியக்கூடாதுன்னு சொல்லி மொத்தத்தையும் பூசச் சொன்னீங்க. மண்ணுன்னு மிஞ்சினதே இந்த ஒரு மூலைதான்.”

ஒத்திகை பார்த்ததெல்லாம் வீணாகப் போனது. நாளைக்குக் காலையில் உளியும் சுத்தியலும் கொண்டுவந்து உடைத்துக் கொடுங்கள் என்று மட்டும் சொன்னாள்.

அன்று சாயங்காலம் முதல் முறையாக அந்த ஐந்தாவது மாடிக்குப் போனாள். கதவைத் திறந்த அந்த அம்மாள் உதட்டில் விரலை வைத்தாள். ஹாலின் ஒரு மூலையில் மருமகள் காதில் மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டரிடம் ஆங்கிலத்தில் சமாதானம் பேசிக்கொண்டிருந்தாள். எதிர்மூலையில் சோபாவில் அவர். இவளைப் பார்த்ததும் எழுந்திருப்பதா வேண்டாமா என்று பாதி எழுந்து அப்படியே நின்றார். தெருமுனையில் கத்தினால் பஸ் நிற்கிற குரல்காரி, அவர் பக்கத்தில் போய்க் குனிந்து, காற்றாகப் பேசினாள்.

“செடிக்கு அடியில சிமெண்டு இருக்கு சார். நாளைக்கு உடைக்கிறோம். நீங்க வரணும்.”

“நான் எதுக்கும்மா?” என்றார் அவரும் காற்றாக.

“உங்க வீட்டுச் செடியாச்சே.”

அவர் சோபாவில் திரும்ப உட்கார்ந்தார். மூக்கை உறிஞ்சினார். மருமகள் திரும்பிப் பார்த்ததும் அதையும் நிறுத்திக்கொண்டார். பிறகு தலையை மட்டும் ஆட்டினார்.

மறுநாள் வேலை பார்க்கிற மாதிரி பழைய சட்டை போட்டுக்கொண்டு எல்லாருக்கும் முன்னால் வந்துவிட்டார். கொத்தனார் சின்ன உளியால் ஓரத்திலிருந்து தட்டித் தட்டி உடைத்தார். ஓங்கி அடித்தால் வேர் போய்விடும் என்று அவர் தலைக்கு மேல் நின்று பழைய வீட்டுக்காரர் ஓயாமல் எச்சரித்தார். கடைசியில் கொத்தனார் உளியை அவர் கையிலேயே கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். மனிதர் முட்டி போட்டு உட்கார்ந்து, வேருக்கு வலிக்காமல், பல்லிடுக்கில் சிக்கினதை எடுக்கிற மாதிரி ஒவ்வொரு சில்லாக எடுத்தார். எடுத்த கட்டிகளில் சிலவற்றை வேரே கவ்விப் பிடித்திருந்தது. அதற்கும் கீழே மண் சுண்ணாம்பு பூத்து வெளுத்துக் கிடந்தது. இத்தனை நாள் கொட்டின முட்டை ஓட்டுத் தூளும் அந்தச் சுண்ணாம்புக்குத் துணைக்குத்தான் போயிருக்கிறது. முந்தின நாள் நர்சரியில் மகள் ஒரு இலையைக் கொண்டுபோய்க் காட்டியபோது, மண்ணில் சுண்ணாம்பு ஏறிவிட்டால் இந்தச் செடியால் இரும்புச் சத்தை இழுக்க முடியாது, அதனால்தான் நரம்பு மட்டும் பச்சை என்று சொல்லியிருந்தார்கள்.

வெளுத்த மண்ணை முடிந்த அளவு அள்ளி வெளியே கொட்டினார்கள். மட்கிய இலை உரம் கலந்த புது மண்ணைப் போட்டார்கள். காய்ந்த கிளைகளை டபுள் பிரேக்கே வெட்டினாள். வெட்ட ஆரம்பித்தவள் கை நிற்காமல் போய், செடி முட்டி உயரத்துக்கு வந்துவிட்டது. போதும், போதும் என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார். நர்சரியில் கொடுத்த இரும்புச் சத்துப் பொடியைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினார்கள். அந்தத் தண்ணீர் வெற்றிலை போட்ட வாய் மாதிரி சிவப்பாக இருந்தது. அவ்வளவுதான், இனி அளவாகத் தண்ணீர், வேறு எதுவும் கிட்டே வரக்கூடாது என்று நர்சரிக்காரர் சொல்லியனுப்பியிருந்தார்.

அதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. மொட்டையாக நிற்கிற செடியைப் பார்த்தால் வருகிறவர்களுக்குக் கை ஊறும். மிச்சம் வைத்த டீயைக் கொண்டுபோய்க் கவிழ்ப்பார்கள். இதற்கு ஒரு காவல் வேண்டும் என்று டபுள் பிரேக் முடிவு செய்து, அந்த உத்தியோகத்தை அவருக்கே கொடுத்தாள். யாரும் எதையும் ஊற்றக்கூடாது, நீங்களும்தான் சார் என்று அழுத்திச் சொன்னாள். அவர் காதுமடல் சிவக்கத் தலையாட்டினார். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைச் செடிக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

உட்கார்ந்த மனிதர் வாயைத் திறந்தார். பாடத்துக்குக் காத்திருக்கிற ஒவ்வொருவரும் அகப்பட்டார்கள். தான் வளர்த்த இந்தச் செடியின் வரலாறு முதலில். அதிலிருந்து உயிரின் அருமை. உயிரின் அருமையிலிருந்து நேராக இன்சூரன்ஸ். கார் ஓட்டப் பழக வந்திருக்கிறவர்களிடம், சாலையில் என்னென்ன விதமாகவெல்லாம் சாகலாம் என்று உதாரணங்களோடு விளக்குவார். சில பேர் முன்கூட்டியே வருவதை நிறுத்திவிட்டார்கள். பல் டாக்டர் மட்டும் வேண்டுமென்றே சீக்கிரம் வந்து, பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அவருக்கு வீட்டில் பேச்சுத் துணை இல்லை போலிருக்கிறது.

செடி குட்டையாகிவிட்டதால் ரிவர்ஸுக்கு அடையாளம் இல்லாமல் போனது. டபுள் பிரேக் அதற்கும் வழி கண்டுபிடித்தாள். “இடது கண்ணாடியில சார் தெரிஞ்சதும் ஒடி. சார் பெரிசாத் தெரிஞ்சா நிறுத்து. சார் எழுந்து ஓடினா, நீ லேட்டு” என்று சொல்லிக்கொடுத்தாள். அவர் சில தடவை எழுந்து ஓடவும் செய்தார். ஆனால் நாற்காலியை நகர்த்திப் போடச் சொன்னால் மறுத்துவிட்டார்.

ஒரு மழைக்குப் பிறகு, வெட்டின கணுக்களில் சிவப்பாக ஏதோ முளைத்திருந்தது. துரு என்று டபுள் பிரேக் நினைத்தாள். தளிர். தளிர் விரிந்து, முதலில் செம்பாகவும் பிறகு பளபளக்கிற கரும்பச்சையாகவும் மாறியது. மஞ்சள் இல்லை. அவர் மகனுக்குப் போன் போட்டுச் சொன்னார். மகன், சரிப்பா, அப்புறம் பேசறேன் என்றானாம். டபுள் பிரேக் யாருக்கும் சொல்லவில்லை. அன்றைக்கு ஒவ்வொரு பாடத்துக்கும் இடையில் செடிப் பக்கமாகப் போய், டயரில் காற்று இருக்கிறதா என்று பார்க்கிற சாக்கில் குனிந்து பார்த்துவிட்டு வந்தாள். முன்பு அவரிடம் கேட்ட கேள்விக்கு ஒரு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று பல தடவை வாய்வரை வந்தது. ஒவ்வொரு தடவையும் அவர் ஏதாவது பேசிக்கொண்டிருந்தார். நடுவில் நுழைய இடம் கிடைக்கவில்லை. செடியை வளர்த்தது யார் என்ற கதையையும் அவள் கடைசிவரை திருத்தவில்லை.

இதற்கிடையில் அவருடைய மனைவி, கணவனுக்குச் சாப்பாடு கொண்டுவந்து கொடுக்கிற மாதிரி வந்து, ஒரு நாள் காரின் கதவைத் திறந்து டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். எனக்குக் கற்றுக்கொடு என்றாள். அறுபதைத் தாண்டின வயதில் எதற்கு என்று அவர் ஆயிரம் காரணம் சொல்லித் தடுத்தார். எல்லாம் இன்சூரன்ஸ் காலத்துச் சாவுகள். அவள் காதில் வாங்கவில்லை. டபுள் பிரேக்கின் வாழ்க்கையில் அப்படி ஒரு மாணவி வந்ததில்லை. பயம் என்ற ஒன்றே கிடையாது. எதிரில் லாரி வந்தால் லாரிதான் யோசிக்க வேண்டும். முதல் வாரம் பூராவும் டபுள் பிரேக் தன் பிரேக்கின் மேலேயே காலை வைத்திருந்தாள், முட்டி வீங்கிப் போனது. ஒரு நாள் வழக்கமான கேள்வியைக் கேட்டாள்.

“உங்களுக்கு வீட்ல யார் மேலயாவது கோபமா?”

“இல்லையே,” என்றாள் அந்த அம்மாள், கியரை மாற்றிக்கொண்டே. “எனக்கு ரொம்ப சந்தோஷமா இருக்கு.”

முதல் தடவை டெஸ்ட்டில் தோற்றாள். இரண்டாவது தடவையும். அடுத்த தடவை அதிகாரி அவள் முகத்தைப் பார்த்ததுமே பெருமூச்சு விட்டுவிட்டு, ஓட்டிக் காட்டச் சொல்லி, பாஸ் போட்டுவிட்டார்.

அதற்குப் பிறகு டபுள் பிரேக் பெரிய தோட்டக்காரியாகிவிட்டாள் என்று யாராவது நினைத்தால் தப்பு. வேறு ஒரு செடியையும் அவள் வாங்கி வைக்கவில்லை. நர்சரிக்காரர் ரோஜாக் கன்று ஒன்றை இலவசமாகக் கொடுத்தபோது, வண்டி நிறுத்த இடமில்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். வெட்சி மட்டும் அந்த மூலையில் பழைய உயரத்துக்குப் பாதியாக வளர்ந்திருந்தது. கேட்டுப் பக்கம் நன்றாகப் பூத்தது. சுவர்ப் பக்கம் இன்னும் கஞ்சத்தனம்தான். எறும்பும் திரும்பி வந்துவிட்டது.

அந்த அம்மாள் மகனுடைய காரைத் தனியாக ஓட்டிக்கொண்டு முதல்முறை இந்தத் தெருவுக்கு வந்த அன்று, டபுள் பிரேக் வாசலில் நின்றிருந்தாள். கார் வளைந்து வந்து, கேட்டுக்கு நேராக, கச்சிதமாக நின்றது. கண்ணாடியை இறக்கி, சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டது, ஏறுங்கள் என்று கணவனைக் கூப்பிட்டாள். அவர் நாற்காலியை விட்டு எழுந்து, காரைச் சுற்றி ஒரு தடவை நடந்து பார்த்தார்.

“நீ போ. நான் நடந்தே வந்துடறேன்,” என்றார். “டாக்டர் நடக்கச் சொல்லியிருக்காரு.”

“சரி,” என்று கண்ணாடியை ஏற்றிவிட்டு அவள் போயேவிட்டாள். ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. அவர் தெருவில் நின்று, கார் திரும்புகிறவரை பார்த்துக்கொண்டிருந்தார். அது திரும்பும்போது இண்டிகேட்டர் போடவில்லை. டபுள் பிரேக்கின் வலது கால் தன்னையறியாமல் தரையை அழுத்தியது. அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கொஞ்சம் வேகமாகவே, அதே திசையில் நடக்க ஆரம்பித்தார். உள்ளே ஒரு புதுப் பையன் வண்டியை ஸ்டார்ட் பண்ணி ஆஃப் ஆக்கிக்கொண்டிருந்தான். டபுள் பிரேக் கதவைத் திறந்து இடதுபக்கம் ஏறி உட்கார்ந்து, “உனக்கு என்ன கோபம்?” என்றாள்.